கடன் கழுத்தை நெருக்கும்போது கைச் சம்பளத்தைக் காப்பது எப்படி?



நம் தோட்டங்களில் கடன் இல்லாத வீடு குறைவு. பிள்ளையின் பள்ளிச் செலவு, கலியாணம், சாவு வீடு, ஆஸ்பத்திரிச் செலவு, தீபாவளி என்று எத்தனையோ தேவைகள். மழைக்காலத்தில் கொழுந்து குறைந்து பேரும் குறைந்தால் கடைக்காரரிடமும் வட்டிக்காரரிடமும் போய் நிற்கிறோம். கிழமைக்குக் கிழமை வீடு தேடி வந்து கட்டுப்பணம் வாங்கும் கம்பனிகளிடமும் கையெழுத்துப் போடுகிறோம். ஒரு நாள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து கழுத்தை நெருக்கும். அப்போது வீட்டில் கேட்கும் பேச்சு இதுதான்: "சம்பளத்தை அப்படியே புடிச்சிக்குவாங்களோ? சேர்விஸ் காசும் போயிருமோ? பொலிஸ் வருமோ?"

இந்தப் பாடம் அந்தப் பயத்துக்கான பதில். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வாங்கிய கடனை ஏமாற்றச் சொல்லித் தருவது இந்தப் பாடமல்ல. வாங்கிய காசைக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் பிள்ளைகளின் சோற்றுப் பானையைக் கவிழ்த்துக் கடன் கட்டச் சட்டமும் சொல்லவில்லை. தொழிலாளியின் கூலிக்குச் சட்டம் ஒரு வேலி போட்டிருக்கிறது. பல நேரம் அந்த வேலியை உடைப்பது கடன்காரர் இல்லை. விஷயம் தெரியாமல் நாமே உடைக்கிறோம். எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. பழைய கதை கொஞ்சம்

நம் பாட்டன் பூட்டன் காலத்தில் "துண்டு" என்று ஒரு காகிதம் இருந்தது. ஒரு தொழிலாளி தோட்டத்துக்கும் பெரிய கங்காணிக்கும் எவ்வளவு கடன் என்று அதில் எழுதியிருக்கும். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுக்க வேண்டும். கடல் தாண்டி வந்த செலவும் அரிசிக் கணக்கும் சேர்ந்து பெருகிய கடன் அது. ஆள் மாறினாலும் கடன் கூடவே போகும். அந்தத் துண்டு முறை 1921ஆம் ஆண்டில் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. 1941ஆம் ஆண்டில் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் வந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கூலிக்குக் கிடைத்த பாதுகாப்பு யாரும் தானமாகக் கொடுத்ததல்ல. கடன் ஒரு மனிதனை எப்படிக் கட்டிப் போடும் என்று பார்த்த பிறகு வந்தது. அதை நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

2. கூலியைக் கடனுக்கு ஜப்தி செய்யலாமா?

செய்ய முடியாது. 1889ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் 218ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. வழக்கில் வென்ற கடன்காரர் எதை எடுக்கலாம், எதை எடுக்கக்கூடாது என்று அது சொல்கிறது. எடுக்கக்கூடாதவற்றில் முக்கியமானவை:

தொழிலாளர்களின் கூலியும் வீட்டு வேலை செய்வோரின் கூலியும்.

குடும்பத்துக்குத் தேவையான உடுப்பு, கட்டில், படுக்கை.

தொழில் செய்யத் தேவையான ஆயுதங்கள், சாமான்கள். கவ்வாத்துக் கத்தி, மேசன் வேலைச் சாமான் எல்லாம் இதில் வரும். விவசாயம் செய்பவருக்கு அதற்கு வேண்டிய கருவிகளும், பிழைப்புக்குத் தேவை என்று நீதிமன்றம் நினைக்கிற மாடும் விதையும்.

ஆகவே வட்டிக்காரரோ கம்பனியோ, "உன் சம்பளத்தைத் தோட்ட ஆபிசில் நிறுத்தி வைப்பேன்" என்று மிரட்டினால் அது வெறும் மிரட்டல். சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டமும் சம்பளத்தைத் தொழிலாளிக்கே நேரடியாகக் கொடுக்க வேண்டும் என்கிறது. சட்டம் அனுமதித்த பிடித்தங்களைத் தவிர வேறு எதையும் கழிக்கக்கூடாது. வெளியாள் யாரோ கேட்டார் என்பதற்காகத் தோட்ட ஆபிஸ் சம்பளத்தில் கழிக்க முடியாது.

ஒரு விலக்கு உண்டு. பெண்டாட்டி பிள்ளைகளுக்குத் தாபரிப்புப் பணம் கட்டும்படி நீதிமன்றம் சொன்ன பிறகும் கட்டாமல் இருந்தால், 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டப்படி சம்பளத்தில் பிடிக்க நீதிமன்றம் கட்டளையிடலாம். அது நியாயம். பிள்ளையின் சோறு வட்டிக் கடன் மாதிரி அல்ல.

3. சேமலாப நிதியும் சேர்விஸ் காசும்

ஊழியர் சேமலாப நிதி 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. நம் சம்பளத்தில் 100 ரூபாவுக்கு 8 ரூபா நாம் போடுகிறோம், 12 ரூபா தோட்டம் போடுகிறது. இதைத் தவிர 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 ரூபாவும் தோட்டமே போடுகிறது. அது நம் சம்பளத்தில் கழியாது.

சேமலாப நிதியில் கிடக்கும் காசைச் சாதாரணக் கடன்காரர் ஜப்தி செய்ய முடியாது. அதை இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கவும் முடியாது. "சேமலாபக் காசு வந்ததும் முழுதும் முதலாளிக்கே" என்று ஒரு கடுதாசியில் விரல் அடையாளம் வாங்கியிருந்தாலும் அந்தக் கடுதாசியை வைத்து நிதியிலிருந்து ஒரு சதம் எடுக்க ஏலாது. வீட்டுக் கடனுக்குப் பொறுப்பாக வைப்பது மட்டும் வேறு. அது தொழில் திணைக்களத்தின் மூலம், சட்டத்தில் சொன்ன முறையில் நடப்பது.

சேவைக்காலப் பணிக்கொடையைத்தான் நாம் சேர்விஸ் காசு என்கிறோம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி 5 வருசம் முடிந்தவருக்கு அது உண்டு. நாட்சம்பளக்காரருக்கு வருசத்துக்கு 14 நாள் சம்பளம். 30 வருசம் வேலை செய்த ஒரு தாய்க்கு 420 நாள் சம்பளம் வரும். வேலையை விட்டு 30 நாளுக்குள் அதைக் கொடுக்க வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. நிதியில் கிடக்கும்வரை அந்தக் காசுக்கு வேலி உண்டு. கையில் வாங்கிய பிறகு அது எல்லாக் காசையும் போல ஒரு காசுதான். வயது போய் வேலையை விடும் நாளை எதிர்பார்த்துச் சிலர் நாள் எண்ணிக்கொண்டு இருப்பார்கள். காசு வந்த அன்றே வாசலில் நிற்பார்கள். ஆகவே பணம் வருவதற்கு முன்பே குடும்பத்தோடு உட்கார்ந்து, யாருக்கு எவ்வளவு நியாயமாகக் கொடுக்க வேண்டும், முதுமைக்கு எவ்வளவு வைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு வையுங்கள்.

4. வேலியை நாமே உடைப்பது எப்படி?

இதுதான் பாடத்தின் முக்கியமான பகுதி. நன்றாகக் கவனியுங்கள்.

முதலாவது, வங்கிக் கார்ட்டை அடகு வைப்பது. சம்பளம் வங்கியில் விழும் தோட்டங்களில், கார்ட்டையும் இரகசிய இலக்கத்தையும் கடைக்காரரிடமோ வட்டிக்காரரிடமோ கொடுத்து வைக்கும் பழக்கம் வந்துவிட்டது. சம்பள நாளில் அவரே போய் எடுப்பார், மிச்சத்தை நமக்குத் தருவார். நீதிமன்றத்துக்கே எடுக்க அதிகாரமில்லாத கூலியை நாமே அவர் கையில் தூக்கிக் கொடுக்கிறோம். இது பழைய துண்டுக்குத் தம்பி! கார்ட் வெளியே இருந்தால் இன்றே வங்கிக்குப் போய் அதை நிறுத்தி, புதுக் கார்ட்டும் புது இலக்கமும் எடுங்கள். கடனைத் தவணையில் கட்டுவதாக அவரிடம் நேரில் சொல்லுங்கள். கட்டும் ஒவ்வொரு முறையும் துண்டு எழுதி வாங்குங்கள்.

இரண்டாவது, கடன் வாங்கிய வங்கியிலேயே சம்பளம் விழுவது. வங்கிக் கடன் பத்திரங்களில், கணக்கில் உள்ள காசைக் கடனுக்குக் கழித்துக்கொள்ளலாம் என்று நாம் கையெழுத்துப் போட்டிருப்போம். கூலி என்ற பாதுகாப்பு தோட்டத்தில் இருக்கும்வரை பலமானது. வங்கியில் விழுந்து மற்றக் காசோடு கலந்த பிறகு, "இது என் கூலி" என்று வாதாட வேண்டி வரும். தவணை தவறும் நிலை வந்தால் வங்கி மனேஜரிடம் முன்கூட்டியே போய்ப் பேசுங்கள். சம்பளத்தை வேறு வங்கிக் கணக்கில் போடும்படி தோட்ட ஆபிசில் எழுதிக் கேட்கவும் உங்களுக்கு வழி உண்டு.

மூன்றாவது, வெற்றுக் கடுதாசியில் கையெழுத்து. தொகை எழுதாத புரோநோட்டில் ஒருபோதும் கையெழுத்து வைக்காதீர்கள். கடன் கொடுத்தல் பற்றிய 1918ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, புரோநோட்டில் மூன்று விஷயம் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும்: கையில் கொடுத்த முதல் எவ்வளவு, முன்கூட்டிக் கழித்த வட்டி அல்லது செலவு எவ்வளவு, வருச வட்டி வீதம் எவ்வளவு. 20,000 ரூபாவுக்குக் கையெழுத்து வாங்கி 18,000 ரூபாவைக் கையில் கொடுத்தால், அந்த 2,000 ரூபாவும் பத்திரத்தில் தெரிய வேண்டும். அப்படி எழுதாத நோட்டை வைத்து வழக்குப் பேசுவது கடன்காரருக்குச் சிரமம். மிதமிஞ்சிய வட்டியை மறுபடி கணக்குப் பார்க்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

நான்காவது, வெற்றுக் காசோலை. சில இடங்களில் கடனுக்குப் பிணையாகக் கையெழுத்திட்ட செக் கேட்கிறார்கள். கணக்கில் காசில்லை என்று தெரிந்து செக் கொடுப்பது 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டப்படி குற்றம். வெறும் கடனாக இருந்தது குற்ற வழக்காக மாறிவிடும். கொடுக்காதீர்கள்.

ஐந்தாவது, அடுத்தவருக்குப் பிணை நிற்பது. "சும்மா ஒரு கையெழுத்துதானே அக்கா" என்பார்கள். அவர் கட்டாவிட்டால் முழுக் கடனும் உங்கள் தலையில். குழுக் கடனிலும் இதே கதைதான். மற்றவர்களின் கடனை உங்களால் கட்ட முடியுமா என்று யோசித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

5. புருசன் கடனுக்குப் பெண்சாதி பொறுப்பா?

1923ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க விவாகமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டப்படி, பெண்சாதியின் சொத்தும் உழைப்பும் அவளுக்கே சொந்தம். புருசன் தனியாகக் கையெழுத்துப் போட்டு வாங்கிய கடனுக்கு அவளுடைய கொழுந்துச் சம்பளத்தையோ தாலிக்கொடியையோ கேட்க முடியாது. அவளும் கையெழுத்துப் போட்டிருந்தால் வேறு. ஆகவே தாய்மாரே, "நீயும் ஒண்ணு போடு" என்றால் என்ன பத்திரம் என்று வாசித்துக் கேளுங்கள். புருசனின் வழக்குக்காகப் பிஸ்கால் வந்து உங்கள் தையல் மெசினை எழுதினால், "இது என்னுடையது" என்று அந்த இடத்திலேயே சொல்லுங்கள். வாங்கிய ரசீதைக் காட்டுங்கள். நீதிமன்றத்திலும் உரிமை கோரலாம்.

6. அழைப்பாணை வந்தால்

கடன் கட்ட முடியாமல் போவது மட்டும் குற்றமல்ல. பொலிஸ் நிலையம் கடன் வசூல் செய்யும் இடமும் அல்ல. மிரட்டினால், இரவில் வந்து சத்தம் போட்டால், கடன்பட்டவரும் பொலிசில் முறைப்பாடு செய்யலாம்.

ஆனால் நீதிமன்ற அழைப்பாணை வந்தால் ஒளியாதீர்கள். போகாவிட்டால் கடன்காரர் சொன்ன தொகையே சரி என்று ஒரு பக்கத் தீர்ப்பு வந்துவிடும். வட்டி கூடிப்போச்சு, பாதி கட்டியாச்சு என்று பிறகு வீட்டில் இருந்து சொல்லிப் பயனில்லை. அப்படித் தீர்ப்பு வந்துவிட்டாலும், சாதாரண வழக்கில் அந்தத் தீர்ப்பு கையில் கிடைத்து 14 நாளுக்குள் தகுந்த காரணம் காட்டி அதை நீக்கக் கேட்கலாம். வங்கி, பைனான்ஸ் கம்பனிகள் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் போடும் வழக்கில் முதலில் நீதிமன்ற அனுமதி எடுத்துத்தான் பதில் சொல்லலாம். அதற்கு நேரம் குறைவு. அழைப்பாணை வந்த அன்றே சட்ட உதவி தேடுங்கள்.

1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு, வருமானம் குறைந்தவருக்குச் சட்டத்தரணி உதவி செய்கிறது. நீதிமன்றம் உள்ள பல ஊர்களில் அதற்கு அலுவலகம் உண்டு. தனிமனிதரிடம் வாங்கிய சிறு கடன் பிணக்கு என்றால் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபையில் பேசித் தீர்க்கலாம். அங்கே சட்டத்தரணி செலவு இல்லை. மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று உண்மையைச் சொன்னால் தவணை போட்டுத் தருவார்கள். கட்ட முடியாத தொகைக்கு மட்டும் தலையாட்டி விடாதீர்கள்.

7. வங்குரோத்து என்றால் என்ன?

கடனைக் கட்ட வழியே இல்லை என்று நீதிமன்றத்தில் சொல்லி விடுதலை கேட்பதைத்தான் வங்குரோத்து என்கிறோம். இதற்காக 1853ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் கொண்டுவரப்பட்டது. மாவட்ட நீதிமன்றத்தில் மனுப்போட்டு, எல்லாக் கடனையும் எல்லாச் சொத்தையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சொத்தை ஒருவர் பொறுப்பெடுத்து விற்றுக் கடன்காரர்களுக்குப் பங்கிடுவார். நேர்மையாக நடந்தவருக்கு நீதிமன்றம் சான்றிதழ் கொடுக்கும்.

இது பெரும்பாலும் கடை, வியாபாரம் நடத்தி நொடிந்தவர்களுக்குப் பொருந்தும் வழி. கூலியை மட்டும் நம்பி வாழும் குடும்பத்துக்கு அந்தச் செலவும் அலைச்சலும் பெரும்பாலும் தேவைப்படாது. ஏனென்றால் அவர்களிடம் உள்ள முக்கியமான சொத்துகளான கூலி, சேமலாபம், தொழில் சாமான் எல்லாவற்றுக்கும் ஏற்கெனவே பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் எந்த வழியில் போனாலும் ஒன்று மட்டும் செய்யக்கூடாது: வழக்கு வருகிறது என்று நகையைத் தங்கச்சி பெயரிலும் முச்சக்கர வண்டியை மச்சான் பெயரிலும் மாற்றுவது. நீதிமன்றத்தில் சொத்தை ஒளிப்பது குற்றம். மாற்றியது செல்லாமலும் போகும். நேர்மையாகச் சொன்னவருக்குத்தான் சட்டம் துணை நிற்கும்.

8. எந்தக் கடனை முதலில் கட்டுவது?

சத்தம் போடுகிறவருக்கு முதலில் கொடுப்பது நம் வழக்கம். அது பிழை. சம்பளம் கைக்கு வந்ததும் அரிசி, மா, மருந்து, பள்ளிச் செலவு, மின்சாரம் இவற்றுக்கு முதலில் ஒதுக்குங்கள். பிறகு மிச்சத்தில் கடன்.

கடனில் வட்டி கூடியதை முதலில் கட்டுங்கள். ஒரு கணக்கு. 20,000 ரூபாவை மாதம் நூற்றுக்கு 10 வட்டிக்கு எடுத்தால் மாத வட்டி 2,000 ரூபா. 10 மாதத்தில் 20,000 ரூபா வட்டி மட்டும் கட்டியிருப்பீர்கள், முதல் 20,000 அப்படியே நிற்கும். வருசத்துக்குப் பார்த்தால் நூற்றுக்கு 120 வட்டி. கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் வட்டிக்கு மட்டும் கொடுக்காமல் முதலிலும் 1,000, 2,000 என்று குறைத்து, குறைத்ததை எழுதி வாங்குங்கள்.

அடகு வைத்த நகையின் திகதியையும் பாருங்கள். திகதி தாண்டினால் ஏலத்துக்குப் போகும். முழுதும் மீட்க முடியாவிட்டாலும் வட்டியைக் கட்டிப் புதுப்பிக்கலாம்.

ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் எடுக்காதீர்கள். குறைந்த வட்டிக்கு எடுத்துக் கூடிய வட்டிக் கடனை முழுதாக அடைத்துவிட முடியும் என்றால் மட்டும் யோசிக்கலாம்.

9. இந்த மாதம் வீட்டில் செய்ய வேண்டியது

பிள்ளையின் அப்பியாசக் கொப்பி ஒன்றை எடுங்கள். படிக்கும் பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். யாருக்கு, எப்போது, முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, இதுவரை கட்டியது எவ்வளவு, பிணை யார், என்ன பத்திரம் கொடுத்தோம் என்று ஒவ்வொரு கடனுக்கும் ஒரு பக்கம்.

சம்பளத் துண்டுகளை எறியாதீர்கள். ஒரு தகரப் பெட்டியில் சேர்த்து வையுங்கள். பேர், கைக்காசு, சேமலாபப் பிடித்தம், சங்கச் சந்தா, அட்வான்ஸ் என்று ஒவ்வொரு கழிவையும் வாசியுங்கள். விளங்காத கழிவு இருந்தால் ஆபிசில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் சங்கத் தலைவரிடம் சொல்லுங்கள், பிறகு தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு செய்யலாம்.

அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், கார்ட், சேமலாப நிதி இலக்கம் எழுதிய காகிதம் நான்கும் வீட்டில் இருக்க வேண்டும். வேறு எவரிடமும் இருக்கக்கூடாது.

புருசனும் பெண்சாதியும் கடனை ஒருவருக்கொருவர் மறைக்காதீர்கள். வெட்கத்தால் மறைத்த கடன் மூன்று மடங்காகித்தான் வெளியே வரும். அதற்குப் பயந்து மருந்துப் போத்தலைத் தேடிய குடும்பங்களும் நம் தோட்டங்களில் உண்டு. ஒரு கடனுக்காக ஓர் உயிர் போக வேண்டியதில்லை. பேசித் தீர்க்க முடியாத கடன் இல்லை. தவணை போடலாம், வட்டியைக் கேள்வி கேட்கலாம், சட்ட உதவி எடுக்கலாம். மனசு தாங்காவிட்டால் நலன்புரி அலுவலரிடமோ மருத்துவமாதுவிடமோ நம்பிக்கையான ஒருவரிடமோ அன்றைக்கே வாய் திறந்து சொல்லுங்கள்.

ஞாபகம் வைக்க:

கூலியைக் கடனுக்கு ஜப்தி செய்ய முடியாது.

சேமலாபக் காசை யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது.

கார்ட்டும் இரகசிய இலக்கமும் நம் கையில் மட்டும்.

தொகை எழுதாத பத்திரத்தில் கையெழுத்து இல்லை.

அழைப்பாணை வந்தால் ஒளியாமல் அன்றே உதவி தேடு.

இந்தப் பாடத்தை வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு வீட்டில் ஒருவர் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். பிள்ளை பராமரிப்பு நிலையத்துக்கு வரும் தாய்மார் கூட்டத்திலும் பேசுங்கள். உங்கள் பத்திரங்களில் விளங்காதது இருந்தால் கொப்பியோடு நலன்புரி ஆபிசுக்கு வாருங்கள். உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்ப்போம்.